கானா கால்பந்தைப் பிள்ளைகளுக்கு எங்கிருந்து சொல்லத் தொடங்குவது: 1963லிருந்தா, சுவாரெஸின் கையிலிருந்தா?

நடுக்களம்:
முகமது குடுஸ் கோல் அடித்ததும் ஓடிப்போய் விளம்பரப் பலகை மேலோ, பந்து எடுத்துப்போடும் பையனின் ஸ்டூலிலோ ஜம்மென்று உட்கார்ந்துகொள்வார். அதைப் பார்த்தே கானா பக்கம் சாய்ந்த பொடிசுகள் இப்போது ஏராளம். என் அக்கா மகனும் அந்த ரகம்தான். பன்னிரண்டு வயது. "கானா எப்படிப்பட்ட டீம் மாமா?" என்று கேட்கிறான். யூடியூபில் தேடிக் கொடுக்கலாம் என்று உட்கார்ந்தால், எதைத் தொட்டாலும் 2010 உலகக் கோப்பைக் கால் இறுதியில்தான் வந்து நிற்கிறது. உருகுவேயின் லூயிஸ் சுவாரெஸ் கோல் கோட்டில் நின்று பந்தைக் கையால் தடுத்தாரே, அதே காட்சி.

என் கட்சி இது: ஒரு நாட்டின் கால்பந்தை அது அடிபட்ட நாளிலிருந்து அறிமுகம் செய்யக் கூடாது. 1957 மார்ச் 6இல் விடுதலை. அடுத்த ஆண்டே தேசிய லீக். 1962இல் டி ஸ்டெஃபனோவும் புஷ்காஷும் இருந்த ரியல் மாட்ரிட் அக்ராவுக்கு வந்து 3-3 என்று டிரா செய்துவிட்டுப் போனது. 1963இல் சொந்த மண்ணில் ஆப்பிரிக்கக் கோப்பை, இறுதியில் சூடானுக்கு 3-0. 1965இல் துனிஸுக்கே போய், கூடுதல் நேரத்தில் துனிசியாவை 3-2 என்று வீழ்த்தி மறுபடியும் கோப்பை. இரண்டுக்கும் பயிற்சியாளர் சி. கே. ஜாம்ஃபி. 1951இல், நாட்டுக்கே இன்னும் 'கோல்ட் கோஸ்ட்' என்று பெயர் இருந்தபோது, வெறுங்காலோடு பிரிட்டனில் சுற்றுப்பயணம் ஆடிய அணியில் இருந்தவர் அவர். பிறகு ஜெர்மனியில் டுசெல்டார்ஃப் கிளப்புக்கு ஆடிவிட்டு வந்து பயிற்சியாளர் ஆனார். இந்த ஒரு மனிதரின் வாழ்க்கையைச் சொன்னாலே பையன் வாய் பிளந்து கேட்பான்.

ஆஃப்சைட் ஆறுமுகம்:
கேட்க மாட்டான் அண்ணே. பன்னிரண்டு வயசுக்காரனிடம் '1957 மார்ச் 6' என்று ஆரம்பித்தால் சமூக அறிவியல் டெஸ்ட் என்று நினைத்து எழுந்து போய்விடுவான்.

2010 ஜூலை 2, ஜோகன்னஸ்பர்க் சாக்கர் சிட்டி. இங்கே தொடங்குங்கள். முதல் முறையாக ஆப்பிரிக்காவில் உலகக் கோப்பை. மற்ற ஆப்பிரிக்க அணிகள் எல்லாம் முதல் சுற்றோடு மூட்டை கட்டிவிட்டன. தென்னாப்பிரிக்க ரசிகர்கள் தங்கள் 'பஃபானா பஃபானா'வை மறந்து 'பகானா பகானா' என்று கத்துகிறார்கள். முதல் பாதி முடியும் நேரத்தில் கானாவின் முன்டாரி வெகு தூரத்திலிருந்து ஒன்று விடுகிறார், உள்ளே. உருகுவேயின் ஃபோர்லான் ஃப்ரீகிக்கில் சமன் செய்கிறார். 120 நிமிடம் முடிந்து, ஆட்டத்தின் கடைசி மூச்சில் உருகுவே கோல் வாசலில் ஒரே களேபரம். ஸ்டீஃபன் அப்பியா அடித்ததைச் சுவாரெஸ் காலில் தடுக்கிறார். திரும்பி வந்த பந்தை அடியா தலையால் முட்டுகிறார். இந்த முறை சுவாரெஸ் இரண்டு கையையும் நீட்டிவிட்டார். ரெட் கார்டு, பெனால்டி. அசமோவா ஜியான் உதைத்தது குறுக்குக் கம்பியில் பட்டு மேலே போகிறது. அழுதுகொண்டே வெளியே போன சுவாரெஸ் வாசலில் நின்று துள்ளிக் குதிக்கிறார். பிறகு பெனால்டி ஷூட்அவுட்டில் கானா தோற்கிறது.

இதைவிட நல்ல தொடக்கம் வேறு என்ன வேண்டும்? எந்த ஆப்பிரிக்க நாடும் அதுவரை அரை இறுதியைத் தொட்டதில்லை. ஒரு கண்டமே ஒரு கம்பியின் அகலத்தில் தோற்றது. பையனுக்குக் கோபம் வர வேண்டும். கோபம் வந்தவன்தான் ரசிகன்.

நடுக்களம்:
ஆறுமுகம், நீங்கள் எழுதியதை நானே மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் படித்தேன். பிரச்சினையும் அதுதான். இதில் நாயகன் சுவாரெஸ். கானாக்காரர்கள் எல்லாம் துணை நடிகர்கள்.

தலையால் முட்டிய டொமினிக் அடியா யார்? அதற்கு முந்தைய ஆண்டு, 2009இல், எகிப்தில் நடந்த 20 வயதுக்கு உட்பட்டோர் உலகக் கோப்பையின் சிறந்த ஆட்டக்காரர், எட்டு கோலோடு. இறுதிப் போட்டியில் கானாவுக்கு 37ஆவது நிமிடத்திலேயே ஒருவர் ரெட் கார்டு வாங்கிவிட்டார். மீதி நேரமும் கூடுதல் நேரமும் பத்துப் பேராக நின்று பிரேசிலைக் கோலடிக்க விடாமல் தடுத்து, ஷூட்அவுட்டில் வென்றார்கள். அந்தக் கோப்பையை வென்ற முதல் ஆப்பிரிக்க நாடு. இதற்கு வீடியோ இல்லையா? இருக்கிறது. யாரும் பகிர்வதில்லை.

அப்புறம் ஜியான். கம்பியில் அடித்துவிட்டுச் சட்டையால் முகத்தை மூடிக்கொண்ட காட்சியோடு எல்லாரும் வீடியோவை வெட்டிவிடுகிறார்கள். சில நிமிடம் கழித்து ஷூட்அவுட்டில் கானாவின் முதல் உதையை எடுக்க வந்தவரும் அவரேதான். மேல் மூலையில் போட்டார். கோல்கீப்பருக்கு வாய்ப்பே இல்லை. நான் பையனுக்குக் காட்ட நினைப்பது அந்த உதை.

பழைய ஸ்கோர்போர்டு:
சட்டப்படி பார்த்தால் சுவாரெஸ் செய்தது தப்பு, அதற்கு ரெட் கார்டு கொடுத்தாயிற்று, பெனால்டியும் கொடுத்தாயிற்று, அரை இறுதியில் அவர் ஆடவும் முடியவில்லை. அந்தக் களேபரத்துக்கு முன்னால் கானாவுக்குக் கிடைத்த ஃப்ரீகிக்கே கொடுத்திருக்கக் கூடாது என்று உருகுவேக்காரர்கள் இன்றும் புலம்புகிறார்கள். அந்தப் பஞ்சாயத்துக்கு நான் வரவில்லை.

நான் வந்தது கானாவின் முதல் அதிபர் நிக்ருமாவின் காலத்தைத் துதிக்கும் பக்திக்கு. நடுக்களம் சார் 1960களைப் பொற்காலம் என்று பட்டுத் துணி போர்த்துகிறார். அதே நிக்ருமா ஆட்சியில், 1961இல், விளையாட்டுத் துறைத் தலைவர் ஒஹேனே ஜான் 'ரியல் ரிபப்ளிகன்ஸ்' என்று ஒரு அரசாங்க அணியை உருவாக்கினார். பெயரே ரியல் மாட்ரிட்டைப் பார்த்து வைத்தது. ஒவ்வொரு லீக் அணியிடமிருந்தும் நல்ல ஆட்டக்காரர்களைப் பிடுங்கி அதில் சேர்த்தார்கள். அதிபரின் சொந்த கிளப் என்றே ஊரில் பேர். குமாசியின் அசான்டே கொடோகோ ரசிகர்களுக்கும் அக்ராவின் ஹார்ட்ஸ் ஆஃப் ஓக் ரசிகர்களுக்கும் வயிறு எரிந்தது. எரியாதா? நீங்கள் வளர்த்த பையனை அரசாங்கம் கூட்டிக்கொண்டு போய் உங்களுக்கு எதிராகவே இறக்கினால் சும்மா இருப்பீர்களா?

பாபா யாரா என்ற விங்கர். குமாசி மைதானத்துக்கே இன்று அவர் பெயர்தான். கொடோகோவின் செல்லப் பிள்ளை. ரிபப்ளிகன்ஸுக்குப் போனார். 1963 மார்ச்சில் ஒரு லீக் ஆட்டம் முடிந்து திரும்பும் வழியில் அணியின் பஸ் கவிழ்ந்தது. முதுகெலும்பில் அடி. அதன் பிறகு அவர் நடக்கவில்லை. 1969இல் இறந்துபோனார். உங்கள் பொற்காலக் கோப்பை அதே 1963 டிசம்பரில்தான் வந்தது. அந்த அணியில் அவர் இல்லை. பையனிடம் இதைச் சொல்வீர்களா?

நடுக்களம்:
சொல்வேன். ஆனால் பஸ் விபத்தை நிக்ருமா கணக்கில் எழுதுவது நியாயமில்லை. எந்த கிளப்பின் பஸ்ஸும் கவிழலாம்.

ரிபப்ளிகன்ஸ் மேல் ரசிகர்களுக்குக் கோபம் இருந்தது உண்மை. 1966 பிப்ரவரியில் நிக்ருமா வெளிநாட்டில் இருந்தபோது ராணுவம் ஆட்சியைப் பிடித்தது, அந்த அணியும் கலைந்தது. அதன் பிறகு தேசிய அணி படுத்துவிட்டதா? 1968இலும் 1970இலும் மறுபடி இறுதிக்குப் போனது. தொடர்ந்து நான்கு இறுதிகள். இரண்டில் தோற்றது, சரி. கிளப்புகளை அழித்திருந்தால் 1970இல் கொடோகோ ஆப்பிரிக்க சாம்பியன் ஆனது எப்படி?

இன்னொன்றையும் விட்டுவிட்டீர்கள். 1966 உலகக் கோப்பை. ஆப்பிரிக்கா, ஆசியா, ஓசியானியா மூன்றுக்கும் சேர்த்து ஃபிஃபா கொடுத்தது ஒரே ஓர் இடம். ஆப்பிரிக்காவில் ஜெயித்தாலும் ஆசியாவில் ஜெயித்தவரோடு இன்னொரு முறை மோத வேண்டும். அப்போது ஃபிஃபா நிர்வாகக் குழுவிலேயே உறுப்பினராக இருந்த ஒஹேனே ஜான் இதை எதிர்த்துத் தந்தி அடித்தார். ஆப்பிரிக்க நாடுகள் ஒட்டுமொத்தமாக விலகிக்கொண்டன. தொடர்ந்து இரண்டு முறை ஆப்பிரிக்காவை வென்ற அணி, தன் உச்ச காலத்தில், போக மாட்டோம் என்று வீட்டில் உட்கார்ந்தது. 1970இலிருந்து ஆப்பிரிக்காவுக்கென்று ஓர் இடம் ஒதுக்கப்பட்டது. அந்த இடத்தில் முதலில் போய் ஆடியது மொராக்கோ. கானா உலகக் கோப்பையைப் பார்க்க 2006 வரை ஆயிற்று. 'பிளாக் ஸ்டார்ஸ்' என்ற அணியின் பெயரில் இருக்கிற கருப்பு நட்சத்திரம், ஜமைக்காவில் பிறந்த கருப்பினத் தலைவர் மார்கஸ் கார்வியின் கப்பல் கம்பெனியிலிருந்து தேசியக் கொடிக்கு வந்து, அங்கிருந்து சட்டைக்கு வந்தது. நிக்ருமா இல்லாமல் இந்த அணியைப் பேசவே முடியாது.

ஆஃப்சைட் ஆறுமுகம்:
அண்ணே, தந்தி அடித்த கதைக்கெல்லாம் ரீல்ஸ் வராது. ஆனால் 'ஜெயிக்க வாய்ப்பு இருந்தும் போகாத டீம்' என்பது நல்ல வரி. அதை வைத்துக்கொள்ளுங்கள்.

தமயந்தி:
ஆண்கள் மூன்று பேரும் தேசிய அணியையே சுற்றிச் சுற்றி வருகிறீர்கள். கானாவில் ஒரு பிள்ளைக்குக் கால்பந்து முதலில் கிளப் வழியாகத்தான் வருகிறது. அப்பா ஹார்ட்ஸ் என்றால் பிள்ளையும் ஹார்ட்ஸ்.

ஹார்ட்ஸ் ஆஃப் ஓக் 1911இல் அக்ராவில் தொடங்கியது. எலும்பு மக்கும்வரை தோற்றோம் என்று சொல்லாதே என்பது அவர்கள் வாக்கு. கொடோகோவின் சின்னம் முள்ளம்பன்றி; அது அசான்டே அரசின் போர்ச் சின்னமும்கூட. ஆயிரம் பேரைக் கொன்றால் இன்னும் ஆயிரம் பேர் வருவார்கள் என்பது இவர்கள் கோஷம். கடற்கரைத் தலைநகருக்கும் உள்நாட்டு அரச நகரத்துக்கும் உள்ள பழைய போட்டி முழுக்க இந்த ஓர் ஆட்டத்தில் வந்து இறங்கும். கொட்டும் பாட்டுமாக 'ஜமா' நடக்கும். ஒருவர் அடி எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் கைதட்டித் திருப்பிப் பாடுவார்கள். தேசிய அணி ஆட்டக்காரர்களும் பஸ்ஸில் இருக்கையைத் தட்டிக்கொண்டு இதைப் பாடியபடிதான் மைதானத்துக்கு வருவார்கள். என்னைக் கேட்டால் பையனுக்கு முதலில் போட்டுக் காட்ட வேண்டியது அந்த பஸ் வீடியோதான். கோலும் வேண்டாம், கையும் வேண்டாம்.

ஆனால் கிளப் என்று தொடங்கினால் 2001 மே 9ஐத் தாண்டிப் போக முடியாது. அக்ரா மைதானத்தில் ஹார்ட்ஸும் கொடோகோவும் ஆடின. கடைசி நேரத்தில் ஹார்ட்ஸ் 2-1 என்று முன்னேற, கொடோகோ ரசிகர்கள் சிலர் இருக்கைகளைப் பிய்த்து வீசினார்கள். போலீஸ் நெரிசலான கேலரிக்குள் கண்ணீர்ப் புகைக் குண்டு போட்டது. மக்கள் படிக்கட்டுக்கு ஓடினார்கள். வாயில்கள் சில பூட்டியிருந்தன. 127 பேர் செத்தார்கள், பெரும்பாலோர் மூச்சுத் திணறி. மைதானத்துக்கு வெளியே இன்றும் ஒரு சிலை நிற்கிறது. ஒரு ரசிகர் இன்னொருவரைத் தூக்கிக்கொண்டு போகிற சிலை.

ஆஃப்சைட் ஆறுமுகம்:
தமயந்தி, குழந்தைக்குக் கால்பந்து அறிமுகம் செய்யும்போது 127 சாவு தேவையா? என் வீட்டில் இதைச் சொன்னால் அப்புறம் பிள்ளையை மைதானத்துக்கே அனுப்ப மாட்டார்கள்.

தமயந்தி:
தேவை. 'கோபம் வந்தவன்தான் ரசிகன்' என்று மேலே எழுதியது நீங்கள்தானே? கோபப்படுகிறவனுக்கு அது எங்கே போய் முடியலாம் என்றும் தெரியட்டும். மேலும், அங்கே கொன்றது ரசிகர்களின் கோபம் மட்டுமில்லை. விசாரணைக் குழு போலீஸ் மேல்தான் முக்கியமாகக் குற்றம் சொன்னது. வழக்கு நடந்து அதிகாரிகள் விடுதலையும் ஆகிவிட்டார்கள். சுவாரெஸ் கையைப் பேசுகிற அளவில் நூறில் ஒரு பங்குகூட இணையத்தில் யாரும் இதைப் பேசுவதில்லை. எனக்கு அதுதான் ஆத்திரம்.

இன்னொன்று: பிளாக் குவீன்ஸ் என்ற பெண்கள் அணி 1999இலேயே உலகக் கோப்பைக்குப் போய்விட்டது. ஆண்களுக்கு ஏழு ஆண்டு முன்பே. இந்தத் திரியில் யாருக்காவது ஞாபகம் வந்ததா?

பழைய ஸ்கோர்போர்டு:
பிளாக் குவீன்ஸ் விஷயத்தில் நீங்கள் சொல்வது முழுக்கச் சரி.

இப்போது அரசாங்கம் வளர்த்த கால்பந்து என்ற பேச்சுக்குத் திரும்ப வருகிறேன். 2014 பிரேசில் உலகக் கோப்பை. ஜெர்மனி அந்தத் தொடரில் ஜெயிக்க முடியாமல் போன ஒரே ஆட்டம் கானாவோடு ஆடியதுதான், 2-2. அப்படிப்பட்ட அணி போனஸ் பணம் கைக்கு வராவிட்டால் ஆட மாட்டோம் என்று நின்றது. ஏன்? முன்பு பலமுறை வாக்குக் கொடுத்து ஏமாற்றியிருந்தார்கள். அதிபர் தலையிட்டு, முப்பது லட்சம் டாலருக்கு மேல் ரொக்கமாகத் தனி விமானத்தில் பிரேசிலியாவுக்கு அனுப்பினார். கார்கள் புடைசூழப் பணம் ஓட்டலுக்கு வந்ததைப் பிரேசில் டிவி நேரலையில் காட்டியது. தடுப்பாட்டக்காரர் ஜான் பாய் நோட்டுக் கட்டுக்கு முத்தம் கொடுத்த செய்தி உலகம் முழுக்கப் போயிற்று. அடுத்து நடந்த போர்ச்சுகல் ஆட்டத்தில் அவரே சொந்த கோல் போட்டார். அன்று காலையில்தான் முன்டாரியையும் கெவின் பிரின்ஸ் போட்டெங்கையும் ஒழுங்கு நடவடிக்கை என்று வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள்.

2018இல் பத்திரிகையாளர் அனாஸ் ரகசியக் கேமராவில் நடுவர்கள் பணம் வாங்குவதைப் படம் பிடித்துப் போட்டார். கால்பந்துச் சங்கமே கலைந்தது. சுவாரெஸ் எடுத்தது ஒரு கோல். சொந்த வீட்டில் போனது எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

ஆஃப்சைட் ஆறுமுகம்:
எல்லாம் சரி. ஆனால் கானா மக்களே சுவாரெஸை விடவில்லையே? 2022 கத்தாரில் மறுபடி உருகுவே. முதல் நாள் பேட்டியில் மன்னிப்பு கேட்க மாட்டேன் என்றார் சுவாரெஸ். பெனால்டியைத் தவறவிட்டது நானா என்று கேட்டார். ஆட்டத்தில் ஆன்ட்ரே அயூ பெனால்டியைத் தவறவிட்டார், கானா 0-2 தோல்வி, வெளியே. ஆனால் அதே நேரத்தில் தென் கொரியா போர்ச்சுகலை வென்றதால் உருகுவேயும் வெளியே. பெஞ்சில் சட்டையைக் கடித்துக்கொண்டு சுவாரெஸ் அழ, கானா ரசிகர்கள் தோற்றதையே மறந்து கொண்டாடினார்கள். பன்னிரண்டு வருடப் பகை. இதுவும் பண்பாடுதான். நீங்கள் அதை அழித்துவிட்டுச் சுத்தமான வரலாறு சொல்லப் பார்க்கிறீர்கள்.

சந்து முனை:
புதியவன். ஒன்று கேட்கலாமா? பையன் குடுஸ் ரசிகன் என்றால் குடுஸிலிருந்தே தொடங்கலாமே? அக்ராவின் நீமா பகுதி, நெரிசலான இடம். அங்கே தெருவின் இரண்டு சாக்கடைக்கும் நடுவே இருக்கிற இடம்தான் மைதானம். சின்னச் சின்ன கோல் கம்பம். பந்து ஓரம் போனால் சாக்கடையில் விழும், போய் எடுக்க வேண்டும். அதனால் பந்து காலை விட்டு அகலாது. குடுஸ் மூன்று பேருக்கு நடுவே திரும்பி வெளியே வருவதைப் பார்க்கும்போது எனக்கு அந்தச் சந்துதான் தெரிகிறது. பிறகு 'ரைட் டு ட்ரீம்' அகாடமியில் பள்ளிப் படிப்போடு சேர்த்துப் பயிற்சி, அங்கிருந்து டென்மார்க், நெதர்லாந்தின் அயாக்ஸ், இங்கிலாந்து.

பழைய ஸ்கோர்போர்டு:
நல்ல யோசனை. கூடவே 'நீ லாம்ப்டே' என்ற ஆட்டக்காரரையும் சொல்லுங்கள். 1991இல் 17 வயதுக்கு உட்பட்டோர் உலகக் கோப்பையைக் கானா வென்றபோது தொடரின் சிறந்த ஆட்டக்காரர். பெலேயே தனக்கு வாரிசு என்று கை காட்டிய பையன். பதினாறு வயதில் பெல்ஜியத்தின் ஆண்டர்லெக்டுக்கு ஆடினார். படிப்பு இல்லை. ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமலே கையெழுத்துப் போட்டதாக அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். ஏஜென்ட் சொன்ன இடத்துக்கெல்லாம் நாடு நாடாகப் போய் ஆடி, பெரிய அளவில் எதுவும் ஆகாமல் முடிந்தது. பிற்காலத்தில் அவர் அக்ராவில் ஒரு பள்ளிக்கூடம் கட்டினார்.

நடுக்களம்:
சந்து முனை சொன்னது எனக்குப் பிடித்திருக்கிறது. குடுஸிலிருந்து பின்னால் போகலாம். குடுஸ், ஜியான், 1993இல் பிரான்சின் மார்செய் கிளப் ஐரோப்பியக் கோப்பையை வென்றபோது வெற்றி கோலுக்கு கார்னர் எடுத்துக் கொடுத்த கானாக்காரர் அபேடி பெலே, 1982இல் லிபியாவில் கோப்பை வென்ற அணியில் பொடியனாக இருந்த அதே அபேடி, அந்த அணிக்கும் பயிற்சியாளர் ஜாம்ஃபி. அங்கிருந்து 1963க்கு ஒரே தாவல். ஆனால் பையன் 1963க்கு வந்து சேர்ந்தே ஆக வேண்டும். அதில் நான் விட்டுக்கொடுக்கப் போவதில்லை.

பழைய ஸ்கோர்போர்டு:
வரட்டும். வந்ததும் அடுத்த கேள்வி கேட்பான், நீங்கள் தயாராக இருங்கள். 1982க்குப் பிறகு ஏன் கோப்பையே இல்லை? 1992, 2010, 2015 மூன்று இறுதியிலும் தோல்வி. 2025 ஆப்பிரிக்கக் கோப்பைக்குத் தகுதியே பெறவில்லை. தகுதிச் சுற்றில் ஒரு ஆட்டம்கூட ஜெயிக்காமல் பிரிவில் கடைசி இடம். அதில் சூடானிடம் 0-2 தோல்வி. உள்நாட்டுப் போரால் சொந்த மண்ணில் ஆட முடியாமல் லிபியாவில் 'ஹோம்' ஆட்டம் ஆடிய சூடான். அந்த சூடானுக்குப் பயிற்சியாளர் யார் தெரியுமா? 2014இல் கானாவின் பயிற்சியாளராக இருந்த க்வேசி அப்பியா.

ஆஃப்சைட் ஆறுமுகம்:
அதே குடுஸ் கோல் அடித்து அதே கானா 2026 உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றதையும் சேர்த்துச் சொல்லுங்கள் சார். பாதியில் நிறுத்துவது உங்களுக்கு வழக்கமாகிவிட்டது.

பழைய ஸ்கோர்போர்டு:
சொல்கிறேன். அந்த முறை போனஸ் எப்படிக் கொடுத்தார்கள் என்றும் விசாரித்துவிட்டுச் சொல்கிறேன்.

தமயந்தி:
நடுக்களம், ஜமா வீடியோ இரண்டு தனிச்செய்தியில் அனுப்பியிருக்கிறேன். ஒன்றில் சத்தம் ரொம்ப அதிகம், வீட்டில் தூங்குகிறவர்கள் இருந்தால் ஹெட்போன் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.